குறை பிள்ளைகளிடம் இல்லை

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் நம் பள்ளிகளில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். காலை வணக்கக் கூட்டத்தில் உறுதிமொழி. பிறகு ஓவியப் போட்டி, கட்டுரைப் போட்டி, வினாடி வினா. வாசலருகே ஒரு மரக்கன்று, அதைச் சுற்றித் தலைமை ஆசிரியரும் ஊராட்சித் தலைவரும் பிள்ளைகளும் நிற்க ஒரு படம். அந்தப் படம் அன்று மாலைக்குள் இணையதளத்தில் ஏறியாக வேண்டும். இத்தனைக்கும் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மக்களிடம் விழிப்புணர்வு இல்லை, அதனால்தான் ஆறு சாகிறது, ஏரி தூர்ந்துபோகிறது; பெரியவர்களை இனித் திருத்த முடியாது; பிள்ளைகளிடமிருந்து தொடங்குவோம், அவர்கள் நாளை பூமியைக் காப்பாற்றுவார்கள். அமைச்சர் மேடையிலும் இதே பேச்சு, தன்னார்வ நிறுவனங்களின் துண்டறிக்கையிலும் இதே பேச்சு, ஆசிரியர்களின் ஓய்வறையிலும் இதே பேச்சு.

இந்த நம்பிக்கை அடியிலிருந்தே பிழை என்பது என் கருத்து. நல்ல மனத்தோடு சொல்லப்படுவதால் யாரும் இதை எதிர்த்துக் கேட்பதில்லை. கேட்காமல் விட்டதால் நாம் இழந்தது நிறைய.

இந்த மருந்தை நாம் புதிதாகக் கொடுக்கவில்லை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. 2001-02இல் பள்ளிகளுக்குத் தேசிய பசுமைப் படை வந்தது. 2005 முதல் 2014 வரை, நீடித்த வளர்ச்சிக்கான கல்விக்கு என்றே ஐக்கிய நாடுகள் சபை ஒரு பத்தாண்டை ஒதுக்கியது. 1991இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு இன்று ஏறத்தாழ 40 வயது. அந்த ‘நாளைய தலைமுறை’ வந்து, வேலைக்குப் போய், வீடு கட்டிக் குடியேறிவிட்டது. அதே ஆண்டுகளில்தான் சென்னையின் பள்ளிக்கரணையில் பல ஆயிரம் ஹெக்டேர் பரவியிருந்த சதுப்பு நிலம் அதில் ஒரு சிறு பங்காகச் சுருங்கியது. அதன்மேல் எழுந்தவை மென்பொருள் வளாகங்கள், ஆய்வு நிறுவனங்கள், அடுக்குமாடிகள். திட்டம் வரைந்த பொறியாளர்களும் ஒப்புதல் கொடுத்த அதிகாரிகளும் சுற்றுச்சூழல் பாடத்தில் தேறியவர்கள். ‘சதுப்பு நிலத்தின் பயன்கள் யாவை’ என்று கேட்டிருந்தால் ஐந்து மதிப்பெண்ணுக்குக் குறையாமல் எழுதியிருப்பார்கள். விழிப்புணர்வு இல்லாததால் நடந்த அழிவு என்று இதைச் சொல்ல முடியுமா?

மறுபக்கம் பாருங்கள். செங்கல்பட்டுச் சீமையின் வேடந்தாங்கலில், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஏரியில் வந்தடையும் பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டபோது ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டுத் தடை ஆணை வாங்கினார்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிப் பகுதியில் பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்தில் வீட்டு மரத்தில் கூடு கட்டும் பறவையை ஊரார் தங்கள் பொறுப்பாகவே நினைக்கிறார்கள். இந்த ஊர்களுக்கு யாரும் சுவரொட்டி ஒட்டவில்லை. கண்ணெதிரே ஏரி இருந்தது. அதில் அவர்களுக்குப் பங்கு இருந்தது. அதைப் பற்றிப் பேசவும் முறையிடவும் முடிவெடுக்கவும் ஊருக்கு உரிமை இருந்தது. ஏரி கண்ணிலிருந்து மறைந்து, பங்கும் போய், உரிமையும் போன இடத்தில்தான் நாம் உறுதிமொழி வாசிக்கச் சொல்கிறோம்.

எண்ணூரை எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் பரவியது. மீனவர்கள் படகில் போய் வாளியாலும் குவளையாலும் அந்த எண்ணெயை அள்ளினார்கள். அதே மாதக் கடைசியில் ஓர் உரத் தொழிற்சாலையின் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு குடும்பங்கள் தெருவுக்கு ஓடின. அந்தக் குப்பத்துப் பிள்ளை மறுவாரம் பள்ளிக்கு வருகிறது. ‘சுற்றுச்சூழலைப் பாதுகாப்பதில் மாணவர்களின் பங்கு’ என்று கட்டுரை எழுதச் சொல்கிறோம். எந்த மாதம் எந்த இறால் முகத்துவாரத்துக்குள் ஏறும், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த பிறகு எந்த இடத்தில் சிப்பி இல்லாமல் போனது, வலையில் ஒட்டிய எண்ணெயை எதைப் போட்டுத் தேய்த்தாலும் ஏன் போவதில்லை என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அதை எழுதினால் மதிப்பெண் கிடையாது. ‘மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்’ என்று எழுதினால் உண்டு. விழிப்புணர்வு தருகிறோம் என்ற பெயரில் பிள்ளையின் கையில் இருக்கும் அறிவை அறிவே இல்லை என்று பள்ளிக்கூடம் சொல்லிவிடுகிறது. சேதம் தொடங்கும் இடம் அதுதான்.

இரண்டாவதாக, நாம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் செயல்களைப் பார்க்க வேண்டும். பல் துலக்கும்போது குழாயை மூடு. விளக்கை அணை. துணிப்பை எடுத்துப் போ. 2022இல் ஒன்றிய அரசு தொடங்கிய ‘லைஃப்’ இயக்கம் இப்படி 75 செயல்களைப் பட்டியலிட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பியிருக்கிறது. இவற்றில் எதுவும் தவறான பழக்கம் இல்லை. தவறு, இவைதான் சுற்றுச்சூழல் கல்வி என்று ஆக்கியதில் இருக்கிறது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். 200 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஒவ்வொருவரும் நாளுக்கு ஐந்து லிட்டர் மிச்சப்படுத்துகிறார்கள் என்றால் ஒரு நாளைக்கு 1,000 லிட்டர், ஆண்டுக்கு 3,65,000 லிட்டர். அந்த ஊரில் 40 ஹெக்டேர் நீர்ப்பரப்புள்ள ஒரு கண்மாய் இருக்கிறது, அதில் சராசரியாக அரை மீட்டர் வண்டல் படிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வண்டல் அடைத்துக்கொண்டிருக்கும் இடம் 2 லட்சம் கனமீட்டர். அதாவது கண்மாய் பெருகும் ஒவ்வொரு முறையும் 20 கோடி லிட்டர் தங்க இடமில்லாமல் வழிந்து போகிறது. ஒரு பெருக்கில் போகும் அந்தத் தண்ணீரைக் குழாயை மூடி ஈடுகட்ட, அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எட்டாம் வகுப்புக் கணக்கு இது. இதைப் போட வைக்காமல் குழாயை மட்டும் மூடச் சொல்வது, பிள்ளையின் அறிவைக் குறைத்து மதிப்பிடுவது மட்டுமில்லை; பொறுப்பு யாருடையது என்பதை மறைப்பதும்கூட.

பொறுப்பை இப்படி இடம்மாற்றுவது உலகெங்கும் நடந்திருக்கிறது. ‘உன் கரிமத் தடம் எவ்வளவு’ என்ற கேள்வியை 2000களில் விளம்பரமாக வீடுவீடாகக் கொண்டுபோனது பிபி என்ற எண்ணெய் நிறுவனம். இங்கே 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் ஞெகிழிப் பொருள்களுக்குத் தடை வந்தபோது, பெட்டிக்கடைப் பையும் தேநீர்க் குவளையும் தடையில் சிக்கின. தொழிற்சாலையில் அடைத்து வரும் தின்பண்ட உறைகளுக்கு முதலில் விலக்கு இருந்தது. பள்ளி வளாகத்தைப் பெருக்கிப் பாருங்கள், குவியலில் பாதி அந்த உறைகள்தான். பிள்ளைகள் மஞ்சப்பை பற்றிப் பாட்டுப் பாடினார்கள். உறையை யார் தயாரிக்கிறார்கள், ஏன் விலக்கு, யாரைக் கேட்பது என்ற கேள்விகள் எந்த வகுப்பிலும் வரவில்லை.

அப்படியானால் எது கல்வி? நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சிவகங்கைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் பிள்ளைகளைக் கண்மாய்க்குக் கூட்டிப்போனார். கையில் ஒரு நீளக் கயிறு, அதில் மீட்டருக்கு ஒரு முடிச்சு. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்கிய ஊர் வரைபடத்தின் நகல் ஒன்று. கரையில் ஊரின் நீர்பாய்ச்சி காத்திருந்தார், எழுபதைத் தாண்டியவர். எந்த மடையை முதலில் திறப்பது, எந்த மாதம் எத்தனை நாள், தண்ணீர் குறைந்தால் எந்த வயலுக்கு முறை எப்படி மாறும் என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். வகுப்பில் வாய் திறக்காத பையன் ஒருவன், தண்ணீர் திறந்துவிடும் குமிழியைக் காட்டி, ‘டீச்சர், அந்தக் குமிழிக்குள்ள எங்க சித்தப்பா எறங்கியிருக்காரு, உள்ள ரெண்டு கண்ணு இருக்கு’ என்றான். அன்று அவன்தான் வழிகாட்டி.

வரத்துக்கால் வழியாக நடந்தபோது வரைபடத்தில் இருந்த அகலம் தரையில் இல்லை. ஓரிடத்தில் பாதியாகச் சுருங்கியிருந்தது, இன்னோரிடத்தில் கால்வாயே ஒரு செங்கல் சூளைக்குப் பாதையாகிவிட்டது. பிள்ளைகள் கயிற்றை விரித்து அளந்து குறித்துக்கொண்டார்கள். கண்மாய் உள்வாயில் சீமைக் கருவேலம் மண்டியிருந்தது. ‘இதை ஒழிக்கணும், நிலத்தடி நீரை உறிஞ்சும்’ என்று ஒரு பெண் பாடத்தில் படித்ததைச் சொன்னாள். உடனே இன்னொருத்தி, ‘அது இல்லாட்டி எங்க அம்மாவுக்கு வேலை கெடையாது, மூட்டத்துக்கு வெறகு அதுதான்’ என்றாள். ஆசிரியை இருவரையும் மறுக்கவில்லை. மூட்டம் போட்டுக் கரி எடுத்து எத்தனை வீடு பிழைக்கிறது, ஒரு மூட்டத்துக்கு என்ன கூலி, கருவேலத்தை அகற்றினால் அந்த இடத்தில் எது வரும், அதுவரை அந்த வீடுகள் என்ன செய்யும் என்று விசாரித்து வரச் சொன்னார். சிவகங்கை, இராமநாதபுரம் சீமைகளில் இது உயிருள்ள கேள்வி. சுவரொட்டியில் ‘ஒழிப்போம்’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும் விஷயம், நேரில் போய்க் கேட்டால் கூலி, நீர், நிலம், கடன் என்று விரிகிறது. அரசுக்கும் நீதிமன்றத்துக்குமே எளிதில் தீராத ஒரு சிக்கலை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அதன் முழு அளவில் பார்த்தார்கள். வயதுக்கு மீறியது என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் அன்றாடம் அதற்குள்தானே வாழ்கிறார்கள்.

இது ஏதோ ஒரு நல்ல ஆசிரியையின் தனிச் சாதனை என்று தள்ளிவிடக் கூடாது. இந்த வழிக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, 1929-30இல் குஜராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு கேடா மாவட்டத்தின் மாதர் தாலுகாவில் 50க்கும் மேற்பட்ட கிராமங்களில் வீடுவீடாகப் போய் உழவரின் வருமானத்தையும் கடனையும் நிலவரியையும் கணக்கெடுத்தார். இயற்கையின் இருப்பைத் தின்று தீர்க்காமல் வாழும் பொருளாதாரம் பற்றி அவர் பின்னாளில் எழுதியவற்றுக்கு அந்த நடை ஒரு தொடக்கம். உத்தராகண்ட் மலைப்பகுதியில் அல்மோராவைச் சேர்ந்த உத்தராகண்ட் சேவா நிதி என்ற அமைப்பு 1980களின் இறுதியில் தொடங்கி, 6 முதல் 8ஆம் வகுப்பு வரை ஒரு பாடத்திட்டத்தை வளர்த்தெடுத்தது. அதில் கிராமம்தான் பாடநூல். ஊரில் மாடு எத்தனை, அவற்றுக்குத் தீவனம் எவ்வளவு, விறகு எவ்வளவு, அத்தனையையும் தர ஊர் நிலத்தால் முடிகிறதா என்று பிள்ளைகளே அளந்து கணக்கிட வேண்டும். புல்லும் விறகும் சுமப்பவர்கள் பெண்கள் என்பதால் அம்மாவிடமும் பாட்டியிடமும் கேட்காமல் வீட்டுப்பாடத்தை முடிக்க முடியாது. கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு, 1990களின் தொடக்கத்தில் கல்லியாசேரி போன்ற ஊராட்சிகளில் ஊர் இளைஞர்களையே கொண்டு நிலத்தையும் நீரையும் வரைபடமாக்கியது. ஊராட்சிகளே திட்டம் தீட்டும்படி 1996இல் அங்கே வந்த மக்கள் திட்டத்துக்கு அந்த அனுபவம் அடிப்படையானது.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்துக்காக, வாழிடமும் கற்றலும் பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை ஏற்றவர் சூழலியலாளர் மாதவ் காட்கில். மாணவர்கள் தம் ஊரின் சூழலை ஆராய்ந்து சேர்க்கும் தகவல்கள் நாட்டின் பொதுத் தகவல் களஞ்சியமாகச் சேர வேண்டும் என்பது அந்தக் குழுவின் கருத்து. பிள்ளைகள் தகவலை வாங்கிக்கொள்பவர்கள் என்று நினைத்துப் பழகிய நமக்கு, தகவலைத் தருபவர்களாக அவர்களைப் பார்க்கச் சொன்னது அந்த அறிக்கை. அலமாரிக்குள் போனது.

நகரத்துப் பிள்ளைகளுக்குக் கண்மாயும் மடையும் எங்கே என்று கேட்பார்கள். சென்னையில் 1988 முதல், மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று ஜனவரி தொடங்கிக் கோடைவரை இரவுதோறும் கடற்கரையில் நடக்கிறது. ஆமை முட்டையிட்ட இடத்தைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். செத்து ஒதுங்கிய ஆமைகளையும் எண்ணிக் குறிக்கிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது, கரையில் நடந்து பழகியவர்களின் கணக்கு பெரிதும் கைகொடுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்தது. இழுவைப் படகுகள் எவ்வளவு தொலைவுக்குள் வரலாம் என்ற பழைய சட்டம் மீண்டும் பேசப்பட்டது. நகரத்திலும் கடல் இருக்கிறது, கால்வாய் இருக்கிறது, குப்பைக் கிடங்கு இருக்கிறது. குப்பை வண்டி எங்கே போகிறது என்று ஒரு நாள் பின்தொடர்ந்தால் ஒரு பருவத்துக்கான பாடம் கிடைக்கும்.

இப்போது ஆசிரியர்கள் பக்கம் வருகிறேன். ‘ஆசிரியர்களுக்கே தெரியாது, முதலில் அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள்’ என்பது விழிப்புணர்வு வாதத்தின் மறுபாதி. எனக்கு இது ஒப்பவில்லை. பயிற்சி கொஞ்சமாகவா நடக்கிறது? சென்னையில் ஒருவர் கற்று, மாவட்டத்தில் பத்துப் பேருக்குச் சொல்லி, அவர்கள் வட்டார வளமையத்தில் நூறு பேருக்குச் சொல்லி, கடைசி ஆசிரியர் காதுக்கு வரும்போது சில பவர்பாயின்ட் பக்கங்கள் மட்டுமே மிஞ்சும். ஆசிரியருக்குத் தேவை வேறு. ஒரு நாள் பள்ளிக்கு வெளியே பிள்ளைகளைக் கூட்டிப்போக அனுமதி. அங்கே ஒரு பிள்ளை வழுக்கி விழுந்தால் தன்னைத் தனியே விட்டுவிட மாட்டார்கள் என்ற உறுதி. போய்வந்த நேரம் பாடவேளையாகக் கணக்கில் வர வேண்டும். ஊரைப் புரிந்துகொள்ளும் முன்பே மாறுதல் ஆணை வரக் கூடாது. கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றியே பாதி நாள் போகும் ஒருவரிடம், கூடுதலாக ஒரு பசுமைப் படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்வதற்குப் பெயர் பயிற்சி ஆகாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிரக் கல்வி சாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தப் பிரிவை மதித்தாலே ஆண்டுக்குப் பல நாள்கள் கண்மாய்க்குக் கிடைக்கும்.

ஆசிரியர்களை நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு ஹோஷங்காபாத் சான்று. மத்தியப் பிரதேசத்தின் அந்த மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வி முயற்சி தொடங்கியது. 1978இல் மாவட்டம் முழுதும் பரவியது. 1982இல் ஏகலவ்யா அமைப்பு அதைக் கையில் எடுத்தது. பாடத்தை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டுப் பிள்ளைகள் வயலுக்கும் ஓடைக்கும் போய்ப் பார்த்து, செய்து, விவாதித்துக் கற்றார்கள். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். பாடநூல் எழுதுவதில் ஆசிரியர்களுக்கும் பங்கு இருந்தது. மாதந்தோறும் அவர்கள் கூடி, எந்தப் பாடம் வகுப்பில் எடுபட்டது, எது எடுபடவில்லை என்று பேசினார்கள். அவர்கள் சாதாரண அரசுப் பள்ளி ஆசிரியர்கள், பலர் அறிவியல் படிக்காதவர்கள். ஏறத்தாழ 1,000 பள்ளிகள் வரை வளர்ந்த அந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. ஆசிரியர்களால் முடியவில்லை என்பதற்காக அது நிற்கவில்லை. அரசின் ஓர் ஆணையால் நின்றது.

என் வாதத்துக்கு எதிராக வரக்கூடிய மறுப்புகளில் ஒன்றைத்தான் நான் உண்மையிலேயே கடினமானதாக நினைக்கிறேன். ‘சமூகம், சமூகம் என்கிறீர்கள், ஊர் என்பதே சேரி வேறு ஊர் வேறு என்று பிரிந்து கிடப்பதுதானே? சமூகத்திடம் பிள்ளையை ஒப்படைப்பது சாதியிடம் ஒப்படைப்பது ஆகாதா?’ இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகும் உரிமை யாருக்கும் இல்லை. 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மகாடில், தீண்டப்படாதோருக்கு மறுக்கப்பட்ட சவுதார் குளத்துக்கு அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்த் தண்ணீர் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. நம் ஏரிகளின் பழம்பெருமையிலும் இந்தச் சாதிப் பிரிவு உண்டு. வடக்கே நீர்க்கட்டி, தெற்கே நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று அழைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் தலித்துகள். ஊர் முழுவதற்கும் முறைவைத்துத் தண்ணீர் பங்கிட்டவர்களில் பலருக்கு அந்த ஆயக்கட்டில் ஒரு குழி நிலம் கிடையாது. ஊராரே ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்து என்று இன்று பெருமையாகப் பேசப்படும் ஏற்பாட்டை வெள்ளை அரசு 1858இல் கட்டாய உழைப்புச் சட்டமாக எழுதியது. அதில் மண் சுமந்த தலை யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

இதனால்தான் ஊரைத் தொழுது நிற்கும் கல்வியை நான் கேட்கவில்லை. ஊரை அளக்கும் கல்வியைக் கேட்கிறேன். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காரும் அரசுப் பள்ளி, ஊரில் வேறு எங்கும் இல்லாத ஓர் இடம். அந்த இடத்திலிருந்து கிளம்பிப் போனால்தான், கடைமடை வயல்கள் யாருடையவை, மீன்பாசி ஏலம் யாருக்குப் போகிறது, எந்தத் தெருவின் குழாயில் வாரத்துக்கு எத்தனை நாள் தண்ணீர், குப்பை ஏன் எப்போதும் ஒரு குடியிருப்பின் பக்கமே கொட்டப்படுகிறது என்று எண்ணால் காட்ட முடியும். முன்பு சொன்ன பள்ளியிலும் பிள்ளைகள் வரைந்த படத்தில் தண்ணீர் எட்டாத வயல்களுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டியபோது, அந்தச் சிவப்பு ஒரே திசையில் திரண்டு நின்றது. யாரும் விளக்கம் கேட்கவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் புரிந்தது. ‘இயற்கையைப் பாதுகாப்போம்’ என்ற பொது வாசகம் இந்தச் சிவப்பை ஒருநாளும் காட்டாது. சாதியைக் காரணம் காட்டிச் சமூகத்திலிருந்து கல்வியைப் பிரித்தெடுத்தால் சாதிக்கு ஒன்றும் ஆகாது, அதைக் கேள்வி கேட்கும் கண்கள்தான் மூடப்படும்.

நீர்பாய்ச்சியை வகுப்புக்கு ஆசானாக அழைப்பதிலும் ஒரு நிபந்தனை வேண்டும். அவருக்கு மதிப்பூதியம் தர வேண்டும். இலவசமாக வாங்கிக்கொண்டால் பழைய ஊழியத்தை வேறு பெயரில் தொடர்வதாகிவிடும்.

படிப்பு கெட்டுவிடும், தேர்ச்சி குறையும் என்ற பயத்துக்கு நீளமாகப் பதில் சொல்லத் தேவையில்லை. கண்மாயை அளந்த பிள்ளை பரப்பளவும் கன அளவும் விகிதமும் போட்டிருக்கிறது, பேட்டி எடுத்து எழுதியிருக்கிறது, வரைபடம் படித்திருக்கிறது. இதற்கு மதிப்பெண் ஒதுக்க மறுப்பது தேர்வுமுறையின் குறை. வளரறி மதிப்பீடு என்று ஒன்றை வைத்துக்கொண்டு அதில் தெர்மகோல் மாதிரிகளுக்கு மதிப்பெண் போட முடிகிறது என்றால், கண்மாய்க் கணக்குக்கும் போடலாம்.

பிள்ளைகளை ஊர்ச் சண்டைக்குள் இழுக்கிறீர்கள் என்பது இன்னொரு மறுப்பு. வரத்துக்காலை ஆக்கிரமித்தவர் ஊரில் செல்வாக்குள்ளவராக இருப்பார், பள்ளிக்கு மிரட்டல் வரும், ஆசிரியை மாற்றப்படுவார் என்கிறார்கள். வரக்கூடியதுதான். அதனாலேயே இதை ஒரு பிள்ளையின் அல்லது ஓர் ஆசிரியையின் துணிச்சலில் விடக் கூடாது. கண்டறிந்ததைச் சொல்லும் கடமை பிள்ளைகளுடையது, அதன்மேல் நடவடிக்கை எடுப்பது பெரியவர்களின் வேலை. சட்டமும் பெரியவர்கள் கையில்தான் இருக்கிறது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் தமிழ்நாடு ஒரு தனிச்சட்டமே இயற்றியது. சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ள மாநிலத்தில் எல்லைக் கல் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை என்றுதான் துறைகள் கைவிரிக்கின்றன. பெரும்பாலான ஏரிகளுக்கு அருகில் ஒரு பள்ளி இருக்கிறது.

‘நாளைய தலைமுறை’ என்ற பேச்சில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்: இன்று எடுக்க வேண்டிய முடிவைப் பிள்ளைகளின் தலையில் வைத்து இருபது ஆண்டுகளுக்குத் தள்ளிப்போடுகிறோம். ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டியவர்களும் ஆலைக்கழிவை நிறுத்த வேண்டியவர்களும் மணல் அள்ளுவதைத் தடுக்க வேண்டியவர்களும் இன்று பதவியில் இருக்கும் பெரியவர்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் ‘உலகம் உன் கையில்’ என்று சொல்வது அந்தப் பிள்ளையின் மனத்தில் அச்சத்தையும் குற்ற உணர்வையும் விதைக்கிறது. அவர்களுக்குத் தர வேண்டியது, இன்றே ஊர் நடப்பில் ஒரு சிறு பங்கும், தாங்கள் சொன்னது காதில் விழுந்தது என்ற நிச்சயமும்.

அதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 முதல் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. புதிதாகச் சேர்ந்த இரண்டு நாள்களில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அதே ஆண்டு மறுகட்டமைப்பு செய்யப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரும் ஆசிரியரும் உள்ளாட்சி உறுப்பினரும் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் தைக்குப் பின் கண்மாய் வற்றத் தொடங்கும்போது ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் ஊரின் நீர்நிலையை அளக்கட்டும். மேலாண்மைக் குழு அதைச் சரிபார்த்துத் தன் பெயரில் கையெழுத்திட்டு எடுத்துக்கொள்ளட்டும்; மிரட்டல் வந்தால் அது குழுவுக்கு வரட்டும். மார்ச் 22 கிராமசபையில், மற்ற தீர்மானங்களுக்கு முன்பாக, பிள்ளைகள் அதை வாசிக்கட்டும்: போன ஆண்டு வரத்துக்காலின் அகலம் இவ்வளவு, இந்த ஆண்டு இவ்வளவு, கடைமடைக்குத் தண்ணீர் போன நாள்கள் இத்தனை. ஊராட்சியும் நீர்வளத் துறையும் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் தர வேண்டும், அந்தப் பதில் ஆகஸ்ட் 15 கிராமசபையில் அதே பிள்ளைகள் முன்னால் படிக்கப்பட வேண்டும். இதற்குப் புதிய பாடநூல் வேண்டாம், புதிய துறை வேண்டாம். ஓர் அரசாணையும், பள்ளிக்கு ஒரு சிறு தொகையும், ஆசிரியருக்கு ஆண்டில் பத்து நாளும் போதும். ஜூன் 5 விழாக்களுக்கு ஒதுக்கும் பணத்தையும் நேரத்தையும் இதற்குத் திருப்பிவிடலாம்.